தலைக்கடியில் இரண்டு கைகள்: மன அழுத்தத்துக்கு கிரேனியோசேக்ரல் தெரபியா, வேறு வழியா?

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு உடம்பு முரண்டு பிடித்தது. எனக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் தாடை வலிக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது. பல் மருத்துவர் கண்ணாடியை என் கையில் கொடுத்து, கடைவாய்ப் பல்லின் மேடுகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருப்பதைக் காட்டினார். "ரொம்ப டென்ஷனா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் ஒன்பது வயது மகளுக்கோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றுவலி. சனிக்கிழமை வராது, விடுமுறையில் வராது. குழந்தை மருத்துவர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

தோழி ஒருத்தி கிரேனியோசேக்ரல் தெரபி பற்றிச் சொன்னாள். "சும்மா கையை வைக்கிறாங்க, அவ்வளவுதான். ஆனா எழுந்திருக்கவே மனசு வராது" என்றாள். நான் போனேன். மூன்றாவது முறை போனபோது, "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து செஷன் போடலாம்" என்றார்கள். அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். கடைசியில் எனக்கு ஒரு முடிவும் அவளுக்கு வேறொரு முடிவும் எடுத்தேன். பெரியவர்களின் அழுத்தமும் குழந்தைகளின் அழுத்தமும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும், அதற்கு வழி தேடும்போது இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது

உடையைக் கழற்ற வேண்டாம். செருப்பையும் பெல்ட்டையும் மட்டும் கழற்றிவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். தெரபிஸ்ட் முதலில் பாதங்களைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் முதுகெலும்பின் அடியில் சேக்ரம் என்கிற முக்கோண எலும்பு இருக்கிறதே, அதற்குக் கீழே ஒரு கையை நுழைத்து வைப்பார். கடைசியில் தலைமாட்டில் உட்கார்ந்து பின்மண்டையை இரண்டு உள்ளங்கைகளில் ஏந்திக்கொள்வார். அழுத்துவது, பிசைவது, நெட்டி முறிப்பது எதுவும் கிடையாது. அவர்கள் கணக்குப்படி கை தர வேண்டிய அழுத்தம் சுமார் 5 கிராம். ஒரு ஏ4 தாளை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அந்த எடைதான்.

எனக்கு முதல் பத்து நிமிடம் மனசு கடைக்கணக்கு போல ஓடிக்கொண்டே இருந்தது. தலையைக் கையில் வாங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. படுத்திருக்கும்போதுகூட என் தலையை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கழுத்துத் தசை அதை விடவே இல்லை. சில நிமிடம் கழித்து, யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டது போல, தலை அந்தக் கைகளில் கனமாக இறங்கியது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அதை உணர்ந்தேன்.

இந்த அனுபவத்தை நான் எந்த ஆய்வுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த அனுபவத்துக்கு அவர்கள் சொன்ன விளக்கத்தை ஏற்பதா என்பது வேறு விஷயம்.

அவர்கள் சொல்லும் விளக்கம்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில், எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதி என்ற மருத்துவ முறையைப் படித்துக்கொண்டிருந்த வில்லியம் கார்னர் சதர்லேண்ட், 1899 வாக்கில் பிரித்துவைக்கப்பட்ட ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். காதோரத்து எலும்பின் விளிம்பு மீனின் செவுள் போலச் சாய்வாகச் செதுக்கப்பட்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. செவுள் அசைந்து மூச்சு விடுவது போல மண்டையோட்டு எலும்புகளும் அசைகின்றனவோ என்ற எண்ணம் அவரை விடவில்லை. தன் தலையிலேயே பட்டைகளைக் கட்டி இறுக்கிச் சோதித்துப் பார்த்தார். 1939-ல் தன் கருத்தைச் சிறு நூலாக வெளியிட்டார்.

1970-களில் ஜான் அப்லெட்ஜர் என்ற இன்னொரு ஆஸ்டியோபதி மருத்துவர் இதைக் கையில் எடுத்தார். கழுத்து அறுவை சிகிச்சை ஒன்றில் உதவியபோது, மூளை உறை தானாக ஒரு லயத்தில் அசைவதைப் பார்த்ததாகச் சொன்னார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சில வருடங்கள் ஆராய்ந்துவிட்டு, 1985-ல் ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் அங்கே சொல்லிக்கொடுத்தார். இன்று உலகம் முழுக்க இது பரவியிருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவம் நிமிடத்துக்கு 6 முதல் 12 முறை மெல்ல ஏறி இறங்குகிறது, அந்த லயத்தைக் கையால் உணரலாம், எங்கே தடைபடுகிறதோ அங்கே மென்மையாகப் பிடித்து விடுவிக்கலாம் என்பது இவர்களின் கோட்பாடு.

உடற்கூறியல் இதில் எதை ஏற்கிறது? திரவம் இருப்பது உண்மை. பெரியவர்களுக்குள் சுமார் 150 மில்லி இருக்கிறது. ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்குச் சுரந்து, பழையது உறிஞ்சப்பட்டு, மூன்று நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. அது அசைவதும் உண்மை. எம்ஆர்ஐ படங்களில் இதயத் துடிப்போடும் மூச்சோடும் சேர்ந்து அது அசைவது தெரிகிறது. ஆனால் இந்த இரண்டையும் விட்டுத் தனியாக இன்னொரு லயம் இருப்பதற்கும், அதை வெளியிலிருந்து கையால் உணர முடியும் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பெரியவர்களின் மண்டையோட்டுப் பொருத்துகள் பற்சக்கரம் போலக் கோத்து இறுகியவை. ஒரு தாளின் எடைக்கு அவை நகராது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. பயிற்சி பெற்ற மூன்று பிசியோதெரபிஸ்டுகள் அதே 12 பேரின் தலையைத் தொட்டு, லயம் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினார்கள். மூவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவே இல்லை. 1998-ல் இன்னொரு ஆய்வில் ஒரே ஆளின் தலையை ஒருவரும் பாதத்தை மற்றவரும் ஒரே நேரத்தில் பிடித்து எண்ணினார்கள். உடம்பு முழுக்க ஒரே லயம்தான் ஓடுகிறது என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அமைதியாகக் கையை வைத்துக்கொண்டிருக்கும்போது தன் நாடித் துடிப்பும் தன் மூச்சும் தனக்கே தெரியத்தான் செய்யும். அதை எதிராளியின் உடம்பில் உணர்வதாக நினைத்துக்கொள்வது எளிது.

பலன் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாள்பட்ட வலி உள்ள 681 பேரிடம் செய்த 10 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வலி குறைகிறது என்றது. 2024-ல் வந்த இன்னொன்று, தலைவலி, முதுகுவலி, குழந்தைகளின் வயிற்று உப்புசம் என்று பல பிரச்சினைகள் பற்றிய 15 சோதனைகளைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதுவும் இல்லை என்றது. இதில் சிகிச்சை கொடுப்பவருக்குத் தான் செய்வது நிஜமா போலியா என்பது எப்போதும் தெரியும். அதை மறைக்க வழியில்லை. அதனால் சிறிய சோதனைகளில் நல்ல முடிவு வந்தாலும் அதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம்.

சரி, அப்படியானால் என் தாடை ஏன் தளர்ந்தது? நான் நம்புவது இதுதான். ஒரு மணி நேரம் போன் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கதகதப்பான அறை, மங்கலான வெளிச்சம், என்னையே கவனித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், எந்த அவசரமும் இல்லாத கை. இதில் மூச்சு தானாக நீளும், தசை தானாக இளகும். எலும்பு நகர்ந்தால்தான் ஓய்வு கிடைக்கும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஓய்வுதான் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதே ஓய்வை வேறு எப்படியெல்லாம் பெறலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

மசாஜ்

முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தசை இறுகிப்போய்க் கட்டி கட்டியாக நிற்கும் கழுத்துக்கும் தோளுக்கும் மசாஜ் நேரடியாக வேலை செய்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடுதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் தொடங்கிய டிஃபனி ஃபீல்டின் குழு கவனித்த ஒரு விஷயம் இங்கே முக்கியம். மிதமாக அழுத்தித் தேய்க்கும்போது இதயத் துடிப்பு இறங்குகிறது. மேலோட்டமாக லேசாகத் தடவினால் உடம்பு சிலிர்த்து விழித்துக்கொள்கிறது. கூச்சம் வருவது போல. ஆகவே எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தவறு.

ஆனால் மசாஜ் எல்லோருக்கும் ஒத்துவராது. உடையைத் தளர்த்தப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். தொடுதலே ஒரு கெட்ட நினைவைக் கிளப்பும் என்ற நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பெல்லாம் தொட்டாலே வலிக்கும் நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு உடையோடு படுத்து, அசையாத கைகளுக்குள் இருப்பது தாங்கக்கூடியதாக இருக்கும். கிரேனியோசேக்ரல் முறைக்கு உண்மையான இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் எண்ணம்.

யாருடைய கையும் தேவைப்படாத வழி

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, தாடை கிட்டித்துக் கிடக்கும்போது எந்தத் தெரபிஸ்டும் பக்கத்தில் இருக்க மாட்டார். அந்த நேரத்துக்கு என்னிடம் ஒன்று இருக்க வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது எட்மண்ட் ஜேக்கப்சனின் முறை. அமெரிக்க மருத்துவரான அவர் 1929-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தளர்ந்துகொள் என்று தசைக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. முதலில் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு கற்றுக்கொள்கிறது.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். பாதத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். விரல்களை மடக்கி ஐந்து விநாடி இறுக்கி, ஒரேயடியாக விட்டுவிட்டு, இருபது விநாடி சும்மா கவனிப்பேன். கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள் என்று ஏறி வரும். தோளைக் காது வரை தூக்கி விடும்போதுதான் அது எவ்வளவு மேலே நின்றுகொண்டிருந்தது என்று தெரியும். தாடைக்கு மட்டும் இறுக்குவது கிடையாது. எனக்கு அது ஏற்கெனவே போதுமான அளவு இறுகியிருக்கிறது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் மெல்ல வைத்து, கீழ்த்தாடையைத் தொங்கவிடுவேன். முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. பாதியில் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், பகலில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும்போதே பல் இறுகுவது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. தெரிந்தவுடன் விட முடிந்தது.

இதோடு மெதுவான மூச்சும் சேரும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறுக்குக் கொண்டுவந்தால், இதயத் துடிப்பு மூச்சோடு சேர்ந்து அழகாக ஏறி இறங்கும், உடம்பின் அமைதி நரம்புகள் நன்றாக வேலை செய்யும். உள்ளே நான்கு எண்ணி, வெளியே ஆறு எண்ணினால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒன்று. திடீர்ப் பீதி வரும் பழக்கம் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டும். அவர்கள் தசைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜான் கபட்-சின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய, அந்தந்த நொடியைக் கவனிக்கப் பழக்கும் எட்டு வார மனக்கவனப் பயிற்சியும் இந்த வரிசையில் வரும். வாராவாரம் குழுவாக உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல வழி. எனக்கு அந்தப் பொறுமை அப்போது இல்லை.

இவற்றின் பெரிய குறை, தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான். மிகவும் களைத்துப்போனவர்களிடம் போய், இன்னும் ஒரு பயிற்சியைச் சேர்த்துச் செய் என்று சொல்வது சில சமயம் கொடுமை. அந்த நிலையில் ஒரு மணி நேரம் யாரோ நம் தலையைத் தாங்கிக்கொள்வது பெரிய விஷயம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குழந்தைகள் விஷயம் வேறு

கைக்குழந்தைகளிலிருந்து தொடங்குகிறேன். பிரசவத்தில் தலை நசுங்கியிருக்கும், அதைச் சரிசெய்தால் அழுகை நிற்கும் என்று சொல்லி, மூன்று நான்கு வாரக் குழந்தையைக்கூட இந்தச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறார்கள். காரணமே தெரியாத அந்த அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆறாவது வாரத்தில் எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும், பத்தாவது வாரத்தில் அது பலித்தது போலத்தான் தெரியும். தூக்கமில்லாமல் அழுது தீர்த்த தாய்க்கு இந்தக் கணக்கைச் சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தையின் தலை விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருக்கவே சொல்வேன். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில்தான் மூடுகிறது. சிலருக்கு இரண்டு வயதுவரைகூட ஆகும். எலும்புகள் இன்னும் சேராத தலை அது. மென்மையாகக் கையை வைப்பதால் மட்டும் பெரிய ஆபத்து வந்துவிடாது. ஆனால் 2009-ல் நெதர்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று மாதக் குழந்தை ஒன்றின் மரணம் பதிவாகியிருக்கிறது. கிரேனியோசேக்ரல் என்ற பெயரில் அந்தக் குழந்தையின் கழுத்தையும் முதுகையும் பலமாக முன்னால் வளைத்திருக்கிறார்கள். பெயர் மென்மையாக இருந்தால் போதாது, கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். குழந்தையின் கழுத்தை யார் மடக்கினாலும் திருப்பினாலும் அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குத் தொடுதல் வேண்டும் என்றால், அதற்கு நல்ல ஆதாரம் உள்ள வழிகள் பெற்றவர்களின் கையிலேயே இருக்கின்றன. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி கட்டிவைத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகமே பின்பற்றும் முறை அங்கிருந்துதான் வந்தது. டிஃபனி ஃபீல்டின் குழு 1986-ல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தினமும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என்று பத்து நாள் நீவிவிட்டபோது, நீவாத குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது.

பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி.

பெரியவர்களின் அழுத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். வேலை, கடன், வீட்டில் நோயாளி. தெரிந்தும் மாற்ற முடியாமல்தான் ஓய்வைத் தேடிப் போகிறோம். குழந்தைக்கு அப்படி இல்லை. என்ன பயம் என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் "உடம்புல ஒரு அடைப்பு இருக்கு, எடுத்துடலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னால், குழந்தை அதை நம்பிவிடும். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கும். உண்மையான காரணம் உள்ளேயே தங்கிவிடும்.

மகளை நான் ஒரு முறை கூட்டிக்கொண்டுதான் போனேன். தெரபிஸ்ட் நல்ல மனிதர், அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவள் மேசையில் கட்டை மாதிரிப் படுத்திருந்தாள். கண்ணை மூடவில்லை. கூரையில் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "போதும்" என்றாள். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் வெளியே வந்தபோது, "மண்டையோட்டுல ஒரு எலும்பு நல்லா இறுகியிருக்கு, விட்டுட்டா படிப்புலயும் கவனம் வரும்" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். காரில் வரும் வழியெல்லாம் தன் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்றுவலி வந்தபோது நான் அவள் பக்கத்தில் படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்தேன். தேய்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. கை மூச்சோடு ஏறி இறங்கியது. நெடுநேரம் கழித்து எடுக்கப் போனபோது, "அம்மா, கையை எடுக்காதே" என்றாள். அப்புறம் இருட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். திங்கட்கிழமை முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டுமாம். ஒரு வார்த்தை தடுக்கி, எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அது நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

தொடுதல் அவளுக்கும் உதவியது. ஆனால் அது பேச்சுக்கு வழி திறந்த தொடுதல். யாருடைய கை, எந்த இடத்தில், எந்த உறவில் என்பதெல்லாம் குழந்தைக்கு மிக முக்கியம். முன்பின் தெரியாத அறையில் முன்பின் தெரியாதவர் தலையைப் பிடித்துக்கொள்வது பல குழந்தைகளுக்கு ஓய்வே கிடையாது. பிடித்துப்போகும் குழந்தைகளும் இருக்கலாம். அவர்களை விடலாம். ஆனால் பெற்றவர் ஒருவர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வேண்டாம் என்று குழந்தை சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பதற்றம் வாரக்கணக்கில் நீடித்து, பள்ளிக்குப் போவது, தூக்கம், சாப்பாடு, நட்பு என்று எதையாவது கெடுக்கிறது என்றால் கவுன்சலிங்தான் முதல் வழி. அதிலும் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குழந்தைகளிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, சிபிடி பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சரியாகச் சொன்னால் சுமார் 49 சதவீதம் பேருக்கு, முதன்மையான பதற்றக் கோளாறு நீங்கியது. சிகிச்சைக்காகக் காத்திருந்த குழந்தைகளில் அது சுமார் 18 சதவீதம்தான். பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படியாக நெருங்கப் பழக்குவதுதான் அதன் உயிர். படுத்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. குழந்தையே வேலை செய்ய வேண்டும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

போகலாம் என்று முடிவெடுத்தால்

முதலில், போகவே கூடாதவர்கள். சமீபத்தில் தலையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்கள், மூளைக்குள் அழுத்தம் கூடியவர்கள், தலையிலோ முதுகுத்தண்டிலோ சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நேர்மையான தெரபிஸ்ட் இதையெல்லாம் அவரே முதலில் கேட்டுவிடுவார். கேட்காதவரிடம் படுக்காதீர்கள். திடீரென்று வந்த கடுமையான தலைவலி, காய்ச்சலோடு வாந்தி, கை கால் மரத்துப்போவது, எடை இறங்குவது, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம், இவற்றில் எது இருந்தாலும் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்து, என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "ஓய்வு கிடைக்கும், சிலருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது" என்பவரிடம் போகலாம். ஆட்டிசம், கவனக்குறைபாட்டுக் கோளாறு, வலிப்பு, எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து ஓடியே வந்துவிடுங்கள். செஷனுக்குப் பிறகு மோசமானால், "உள்ளே இருந்தது வெளியே வருகிறது, நல்ல அறிகுறி" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நன்றாக ஆனாலும் பலித்தது, மோசமானாலும் பலித்தது என்றால் அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது?

மொத்தமாகப் பத்து செஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று போதும். அதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், காலையில் தாடை வலி பத்துக்கு எத்தனை. இரண்டு வாரம் சும்மா எழுதிவிட்டு, பிறகு செஷன் தொடங்கி, அதே மாதிரி எழுதுங்கள். செஷன் நடந்த அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். நான்காம் நாள் எப்படி இருந்தது என்பதைப் பாருங்கள். என் நோட்டில், செஷன் நடந்த இரவும் அடுத்த இரவும் தாடை வலி ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் மறுபடி ஆறு. தசைப் பயிற்சியைத் தொடங்கிய பிறகு நான்கு, நான்கு, ஐந்து, நான்கு என்று நின்றது. அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை.

அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். தினமும் படுக்கும் முன் தசைப் பயிற்சி. பல்லுக்கு மருத்துவர் செய்து கொடுத்த உறை. வேலையில் ஒரு பொறுப்பைக் கைமாற்றிவிட்டேன், அதற்கே மூன்று முறை பேச வேண்டியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மிகவும் அடித்துப்போட்டது போல இருக்கும்போது, அந்த மேசைக்குப் போய் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன். எலும்பைச் சரிசெய்ய வேண்டாம், ஓய்வெடுக்கத்தான் வருகிறேன் என்று தெரபிஸ்டிடமும் சொல்லிவிட்டேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகளின் ஆசிரியையிடம் பேசினேன். முதலில் பக்கத்தில் உட்காரும் தோழியோடு சேர்ந்து படிப்பது, பிறகு நான்கு பேர் முன்னால் இரண்டு வரி, அப்புறம் ஒரு பத்தி என்று ஆசிரியையே படிப்படியாக ஏற்பாடு செய்தார். கூடவே ஒரு கவுன்சலரிடம் ஆறு முறை போனாள். மேசைக்கு மறுபடி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இப்போதும் எப்போதாவது வயிற்றைப் பிடிக்கிறாள். "நாளைக்கு என்ன பாடம்?" என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள், தடுக்கும் என்று நினைக்கும் வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். அதை இரண்டு பேரும் நாலைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறோம்.